காலனிக்காரன் காலணி

நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஊர்ச்சேதி தேடி அலைய வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் நகையை உரசிப் பார்த்து எடை போட்டு முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிடுவார். 2024 ஜனவரியில் அப்படி ஒருவர் வந்தார். எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் நிலபுலன் உள்ளவர், என்னை நன்றாகத் தெரிந்தவர்.

'ஒங்க சித்தி மகன் வெளிநாடு போயிருக்கானாம்ல?'

'ஆமா அண்ணாச்சி.'

'எங்க, துபாயா?'

'வியட்நாம்.'

'அங்க என்ன வேல குடுக்கான்?'

'வேலைக்கு இல்ல அண்ணாச்சி. சுத்திப் பாக்கப் போயிருக்கான்.'

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார். 'சுத்திப் பாக்கவா? சும்மாவா?' என்றார். 'சும்மாதான்' என்றேன். மிச்சக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, 'காலம் மாறிப்போச்சு' என்று எழுந்து போனார்.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் அப்படித்தான் கேட்பார், அவர் தாத்தா அப்படித்தான் கேட்டிருப்பார். பதினைந்து நாள் கழித்து நம் தோழர் ஒருவர் டீக்கடையில் வைத்து அதே கேள்வியை வேறு மொழியில் கேட்டார். 'வேங்கைவயல்ல தண்ணித் தொட்டியில மலத்தக் கலந்து ஒரு வருசம் ஆச்சு. நாங்குநேரியில பள்ளிக்கூடத்துப் பையன வீடு புகுந்து வெட்டுனானுக. ஒங்க தம்பி என்னடான்னா வியட்நாம்ல போட்டோ புடிச்சுக்கிட்டு அலையிறான். நடுத்தர வர்க்கச் சீக்கு பிடிச்சிருச்சு தோழர் நம்ம பசங்களுக்கு.' எழுத உட்கார வைத்தது இந்தக் கேள்விதான். நிலக்காரரும் தோழரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்களே, அது எப்படி?

நிலக்காரருக்கு நாம் ஊரை விட்டுப் போவது புரியும். பஞ்சம் பிழைக்கப் போவது புரியும். கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனோம், பர்மாவுக்குப் போனோம், மலேயாவுக்குப் போனோம். அதெல்லாம் அவருக்குச் சரி. தோழருக்கு நாம் மாநாட்டுக்குப் போவது புரியும், உண்மை அறியும் குழுவில் போவது புரியும். ஒரு தலித் இளைஞன் எதற்கும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், ஒரு ஊரைப் பார்க்கணும் என்பதற்காக மட்டும் போனான் என்றால் இரண்டு பேருக்கும் நெருடுகிறது. நம் உடம்பு ஒன்று உழைக்க வேண்டும், இல்லையென்றால் போராட வேண்டும். வேடிக்கை பார்க்க அதற்கு அனுமதி இல்லை.

தமிழில் பயண இலக்கியம் என்று ஒரு வகை இருக்கிறது. ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதினார். சோமலெ எழுதினார். மணியன் ஆனந்த விகடனில் உலகம் சுற்றி எழுதியதை வீட்டுக்கு வீடு படித்தார்கள். ஏ.கே. செட்டியார் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிழைப்புக்குப் போன தமிழனையும் தேடிப் போய்ப் பார்த்தவர் அவர். ஆனால் அந்த வகையையே மொத்தமாக எடுத்து வைத்துப் பாருங்கள். யார் போகிறார்? விடுதியில் அறை கிடைக்குமா என்று ஒருநாளும் கவலைப்பட்டிராதவர் போகிறார். அவர் கவலையெல்லாம் சாப்பாடுதான். தயிர்சாதம் கிடைக்கவில்லை, ரசத்துக்கு ஏங்கினேன், கடைசியில் ஒரு தமிழர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். பக்கம் பக்கமாக இந்தச் சைவ ஒப்பாரி. என் தம்பி ஹனோயில் காலை ஆறரை மணிக்குத் தெருவோரம் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மாட்டெலும்புச் சாற்றில் அரிசி சேமியா போட்ட 'ஃபோ' குடித்தான். அந்த நாட்டின் முதன்மையான உணவு அது. போனில் சொன்னான்: 'அண்ணே, நம்ம வீட்ல ஞாயித்துக்கெழம வைக்கிற எலும்புச் சாறு மாதிரிதான் இருக்கு. இங்க ஒருத்தனும் சன்னலச் சாத்திட்டுச் சாப்பிடல.' இந்த ஒரு வரியை எழுதத் தமிழ்ப் பயண இலக்கியத்தில் இதுவரை இடமிருந்ததா?

என்னைக் கேட்டால் இந்த நாட்டில் எழுதப்பட்ட ஆகச்சிறந்த பயண நூல் இருபது பக்கம் கூட ஒழுங்காக வராத ஒரு சிறுபிரசுரம். அண்ணல் அம்பேத்கர் 1930களில் எழுதி வைத்து, அவர் போன பிறகு 1990-ல்தான் அச்சில் வந்தது. பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1901-ல் அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள் சிறுவர்கள். நல்ல உடுப்பு, தொப்பி. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் பின்வாங்குகிறார். வண்டிக்காரன் ஒருத்தனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் ஒத்துக்கொள்கிறான். பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை. பிறகு 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவில் வந்து இறங்குகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதித் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றுகிறார்கள். அயல்நாட்டில் கழித்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே அழித்துவிட்டிருந்தன என்று அவரே எழுதுகிறார். நியூயார்க்குக்குப் போக விசா கிடைத்தவருக்குச் சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. தோழர் சொல்கிற நடுத்தர வர்க்கச் சீக்கு அண்ணலுக்கும் இருந்ததா?

அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்புக்குக் கப்பலேறிப் போய்ப் பௌத்தம் தழுவி வந்தார். இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். நம் முன்னோடிகள் எல்லாரும் ஊரை விட்டுப் போனவர்கள். ஊருக்குள்ளேயே கிடந்திருந்தால் ஊர் சொன்னதுதான் உலகம் என்று இருந்திருப்பார்கள்.

ஊருக்கும் இது தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. எனக்கு நினைவில் இருப்பது வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது மட்டும்தான். வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். சுற்றுவட்டாரத்திலேயே வசதியான தலித் கிராமம் அது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து வந்த வசதி. அறுநூறு பேர் அளவுக்குப் போலீஸ்படை பட்டப்பகலில் புகுந்து டிவியை, மின்விசிறியை, தையல் இயந்திரத்தை உடைத்தது. குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊர்மக்கள் சொன்னார்கள். இதோடு இன்னொன்றும் செய்தார்கள், அதைத்தான் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்து அழித்தார்கள். பணத்தை எடுத்தால் திருட்டு. பாஸ்போர்ட்டைக் கிழித்து அவனுக்கு என்ன லாபம்? 'நீ எங்கேயும் போக முடியாது, இங்கேயே கிட' என்பதுதான் அந்தக் கிழிசலின் அர்த்தம். ஆகவே, தோழர், ஒரு தலித் பையன் கையில் பாஸ்போர்ட் இருப்பது சீக்கு இல்லை.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். அவனுக்கு இருபத்தாறு வயசு. எங்கள் தாத்தா ஒருவர்தான், அம்மாவைப் பெற்றவர். நாங்கள் சக்கிலியர். அரசாங்கப் படிவத்தில் அருந்ததியர். தாத்தா செருப்புத் தைத்தவர். ஊர்க்கிணறுகளில் கமலை ஓடிய காலத்தில் தோல் வேலை, பிறகு லாரி டயரை அறுத்து டயர் செருப்பு. கரிசக்காட்டில் நடப்பதற்கு டயர் செருப்பை விட்டால் வேறு கிடையாது. மழை பெய்தால் அப்பிக்கொள்கிற மண், வெயிலில் வெடித்து விளிம்பு கத்தியாகிற மண், பற்றாக்குறைக்கு உடைமுள். ஊர்க்காரன் கால்களையெல்லாம் அந்த முள்ளிலிருந்து காப்பாற்றிய மனுசன் தன் காலில் செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்ததில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். கரிசல் இலக்கியம் என்று மண்வாசனையை மோந்து மோந்து எழுதினார்கள். பூமணியின் 'பிறகு' 1979-ல் வந்துதான் செருப்புத் தைக்கிற அழகிரி என்கிற மனுசன் அந்த மண்ணில் உட்கார்ந்திருப்பதே தமிழ் வாசகனுக்குத் தெரிந்தது. சொந்தமாக ஒரு குறுக்கம் நிலம் இல்லாதவனுக்கு மண்வாசனை எங்கிருந்து வரும், தோல் வாசனைதான் வரும்.

தம்பி கோவில்பட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில்தான் கணினி பழகினான். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, குருபூசை. எல்லாச் சாதித் தலைவர்களின் மீசையையும் போட்டோஷாப்பில் முறுக்கிவிட்டது அவன் கைதான். சிங்கம், புலி, அரிவாள் எல்லாம் அவன் கோப்பில் தயாராக இருக்கும். ஆண்ட பரம்பரைகளை வரைந்து தள்ளிய காலனிப் பையன். பிறகு சென்னை, விளம்பர நிறுவனம், வடிவமைப்பு வேலை. இப்போது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று ஆகிவிட்டது. ஒரு வருசம் காசு சேர்த்தான். 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் வந்தது. இருபத்தைந்து டாலர் கட்டினால் இணையத்திலேயே விசா. 2023 ஆகஸ்டு 15 முதல் அதைத் தொண்ணூறு நாள் வரைக்கும் கொடுக்கிறார்கள். அவன் இருந்தது இருபத்துநாலு நாள். பகலில் சுற்றுவது, ராத்திரி வாடகைப் படுக்கையில் உட்கார்ந்து ஏதோ ஒரு சோப்புக் கம்பெனிக்கு அட்டைப்படம் வரைந்து அனுப்புவது. கலைஞனின் அன்றாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் எல்.எஃப்.சி. போட்டு டெல்லி, ஆக்ரா போய் வந்த அளவுக்குக்கூட அவன் சொகுசாக இருக்கவில்லை.

தோழருக்கு இதைச் சொன்னேன்: ஹோ சி மின் வெளிநாடு போனதும் இப்படித்தான். 1911 ஜூனில் சைகோனிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சமையல்கட்டு எடுபிடியாக ஏறினார். வயசு இருபத்தொன்று. எந்த மாநாடும் அவரை அனுப்பவில்லை. உலகத்தைப் பார்க்கணும் என்று போனார். பாரிசில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? புகைப்படங்களுக்கு மெருகேற்றுகிற வேலை. என் தம்பி ஃப்ளெக்ஸ் கடையில் பார்த்த அதே வேலை. கறுப்பின மக்களை அமெரிக்காவில் கும்பல் சேர்ந்து கொல்வதைப் பற்றி 1924-ல் கட்டுரை எழுதினார். ஊரை விட்டுப் போகாமல் அதை எழுதியிருக்க முடியுமா? தோழர் தேநீரைக் குடித்துவிட்டு 'அது வேற' என்றார்.

வியட்நாம் என்றால் தமிழனுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன? 1970-ல் வந்த 'வியட்நாம் வீடு'. ஒரு பார்ப்பன வீட்டில் ஓயாமல் சண்டை, அதனால் அந்தப் பெயர். அங்கே நேபாமில் ஜனங்கள் வெந்துகொண்டிருந்தபோது இங்கே அது மாமி மாமா சண்டைக்கு உவமை. இப்போது போகிறவர்கள் மீ சோன் கோயிலுக்குப் போய் 'பாருங்கள், இங்கேயும் நம் சிவன்' என்று பூரிக்கிறார்கள். சாம் மன்னர்கள் கட்டியது. 1969-ல் அமெரிக்கக் குண்டு விழுந்து இடிந்தது. அதைக் கட்டிய சாம் மக்கள் இன்று அங்கே ஒதுங்கிக் கிடக்கிற சிறுபான்மை. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆவுடையார் மட்டும் நம்முடையது. இங்கே எங்களை வாசலோடு நிறுத்திய சிவன் அங்கே போய் எங்களுக்கும் சொந்தமாகிவிடுவாராக்கும்.

சைகோனில் தமிழர் சரித்திரம் இரண்டு வகை. ஒன்று எல்லாரும் பேசுவது. செட்டிநாட்டுக்காரர்கள் போனார்கள், வட்டிக்கடை வைத்தார்கள், தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். மெக்கோங் கழிமுகத்து நெல்வயலை அடமானம் வாங்கி வட்டிக்கு விட்டார்கள் என்பதையும், 1930களில் நெல்விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலத்தின் மேல் கை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். மாரியம்மன் கோயில் ஒன்றும் இருக்கிறது. அங்கே இப்போது ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

இன்னொரு சரித்திரம் பாண்டிச்சேரியிலிருந்து போனது. 1873-ல் பாண்டிச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற வழக்குரைஞர் ஐரோப்பிய பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். உள்நாட்டான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று அவரைத் தண்டித்தார்கள். பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். பெயரிலேயே பிள்ளை இருப்பவருக்கு இந்தக் கதி என்றால் சேரிக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 1881 செப்டம்பரில் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. சாதி, மதம் சார்ந்த சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டு புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பியும் துறந்தார், 'லாப்போர்த்' ஆனார். சாதி இந்துக்களில் பெரும்பகுதி எதிர்த்தது. துறக்க முன்வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் ஏராளம். இழக்க அவர்களுக்கு என்ன இருந்தது? அப்படித் துறந்தவர்களில் நிறையப் பேர் இந்தோசீனாவுக்குப் போனார்கள். படைவீரர், எழுத்தர், போலீஸ்காரர். சைகோனில் வெள்ளைக்காரனோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். காலனியிலிருந்து காலனிக்குப் போய் மனுசனானவர்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் அங்கே யார் முதுகின் மேல் ஏறி நின்று மனுசனானார்கள்? வியட்நாம் விவசாயியின் முதுகு. பிரெஞ்சுக்காரனின் லத்தியைப் பிடித்த கை, அவன் கணக்குப்புத்தகத்தை எழுதிய கை நம்முடையதாகவும் இருந்தது. வங்கியில் உட்கார்ந்து விவசாயிக்கு ஏல நோட்டீஸ் தட்டச்சு செய்கிறவன் என்கிற முறையில் இதை நான் சொல்லாமல் விட முடியாது.

அந்த நகரத்தில் தம்பியை யாரும் ஊர் எது என்று கேட்கவில்லை. இந்தியா என்றால் போதும். வீட்டுக்குள் போகும்போது எல்லாரும் செருப்பைக் கழற்றுகிறார்கள், எல்லாரும். இருபத்துநாலு நாளில் கேட்டவர் ஒருவர்தான். ஹோய் ஆனில் சுற்றுலாக் கூட்டத்தோடு வந்திருந்த ஒரு தமிழர். தமிழ்க்குரல் கேட்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாராம். 'எந்த ஊரு தம்பி?' 'கோவில்பட்டி.' 'அட, நமக்கு அங்க சொந்தம் உண்டு. கோவில்பட்டியில எங்க?' சொன்னான். 'அங்க எந்தத் தெரு?' அதற்கும் சொன்னான். பிடித்திருந்த கை மெல்ல நழுவியதாம். 'சரி சரி, பாத்துப் போங்க.' 'போங்க' என்று மரியாதையாகத்தான் சொன்னார் என்றான். விளக்குத் தொங்குகிற அந்தப் பழைய தெருவில் இவன் தனியாக நின்றிருக்கிறான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போனாலும் தமிழன் தன்னோடு ஒரு தெருவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறான். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது, வரவேற்கிறேன். சொல் போகட்டும். அந்தக் கை நழுவியதே, அதை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது?

இனி நான் சொல்ல நினைத்த முக்கியமான விசயம். சைகோனிலிருந்து போகிற தூரத்தில் கூச்சி. அமெரிக்கனுக்கு எதிராக மண்ணுக்கடியில் குடைந்த சுரங்கங்கள், மொத்தம் இருநூற்றைம்பது கிலோமீட்டர் என்கிறார்கள். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அங்கே ஒருவர் உட்கார்ந்து செருப்புச் செய்கிறார். டயர் செருப்பு. பிரெஞ்சுக்காரனோடும் அமெரிக்கனோடும் சண்டை போட்டவர்கள் காலில் கிடந்தது அதுதான். லாரி டயரை அறுத்து அடி, டயருக்குள் இருக்கிற ட்யூபை வெட்டி வார். ஹோ சி மின் போட்டிருந்த செருப்பும் அதுதான், ஹனோய் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

தம்பி காமிராவைக் கீழே வைத்துவிட்டான். அந்த மனுசர் கத்தியைத் தண்ணீரில் நனைத்து டயரில் இறக்குகிற விதம், குதிகால் பக்கம் வளைக்கிற விதம், எல்லாம் தாத்தா. ஒரே ஒரு வித்தியாசம். தாத்தா வாரை ஆணி அடித்து இறுக்குவார். இங்கே ஆணி கிடையாது. வாரைவிடக் குறுகலாகக் கீறல் போட்டு, கொறடால் வாரை இழுத்துக் கோர்த்துவிடுகிறார். டயரின் இறுக்கமே பிடித்துக்கொள்கிறது. தம்பி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். அவர் பார்த்திருக்கிறார். உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்திருக்கும். கத்தியை நீட்டினாராம். பாஷை கிடையாது. சின்ன வயசில் தாத்தா பக்கத்தில் இருந்து பழகியதுதான், அப்புறம் அப்பா சத்தம் போட்டு நிறுத்தியது. 'இந்த வேல ஒனக்கெதுக்கு, போய்ப் படி.' பத்துப் பதினைந்து வருசம் கழித்து ஒரு அடி முழுசும் அறுத்துக் கொடுத்தான். அவர் தோளில் தட்டினார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டு இரண்டு வரி எழுதினான். இது என் தாத்தாவின் வேலை, நான் செருப்புத் தைக்கிற வீட்டுப் பையன் என்று. சென்னையில் வேலை பார்க்கிற இடத்தில் அதுவரை அவன் சாதி யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டான். மூன்று வருசம் 'நாங்க தெலுங்கு பேசுறவங்க' என்று சொல்லித் தப்பித்தவன். திரும்பி வந்த பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறவர்கள் மட்டும் குறைந்துபோனார்கள். ஒருவர் 'இவ்வளவு நாள் ஏன் சொல்லல?' என்று ஏமாற்றப்பட்டவர் மாதிரிக் கேட்டாராம். 

அந்தப் பக்கம் அப்படி. நம் பக்கம்? தோழரின் இரண்டாவது குற்றச்சாட்டு இங்கிருந்து வந்தது. 'குலத்தொழிலைப் பெருமைப்படுத்துறான். ராஜாஜி திட்டத்த வெரட்டுன மண்ணு இது. மலக்கூடையையும் செருப்பையும் தூக்கி எறிஞ்சுட்டு வாங்கன்னு நாம சொல்லிக்கிட்டிருக்கோம். இவன் கத்தியப் பிடிச்சு படம் போடுறான்.'

இது லேசான வாதம் இல்லை. நானும் நான்கு நாள் யோசித்தேன். குலத்தொழிலை அழகாக்குகிறவர்களை எனக்கும் தெரியும். பறையைக் கண்காட்சியில் வைப்பார்கள், பறையடிக்கிறவனைத் திண்ணையில் ஏற்ற மாட்டார்கள். ஆனால் இங்கே நடந்தது அது இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்குவது என்று 1936-லேயே அண்ணல் சொல்லி முடித்துவிட்டார். டயரும் கத்தியும் ஒருபோதும் இழிவாக இருந்ததில்லை. தாத்தாவை அந்தக் கத்தியோடு கட்டிப்போட்டு, வேறெதையும் தொடாதே என்று சொன்னதும், அவர் செய்த செருப்பை அவரே போடக்கூடாது என்று சொன்னதும்தான் இழிவு. கூச்சியில் அந்தக் கத்தி அவிழ்ந்து கிடந்தது. பிடிக்கலாம், கீழே வைத்துவிட்டு எழுந்தும் போகலாம். தம்பி எழுந்து போய்க் காமிராவை எடுத்தான். தாத்தாவால் எழுந்து போக முடிந்ததா? அதே வேலை அங்கே ஒரு தேசத்தின் வெற்றிச் சின்னம், அருங்காட்சியகத்தில் கண்ணாடிப்பெட்டிக்குள் இருக்கிறது. இங்கே ஒரு வசவு. சக்கிலியன் என்பதைக் கெட்ட வார்த்தையாகப் பயன்படுத்தாத ஊர் கரிசலில் ஒன்றைக் காட்டுங்கள். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம்தான். கையால் தெரிந்துகொண்டு வருவது வேறு. தூக்கி எறிவதற்கு முன்னால் அது நம்மிடம் கொடுக்கப்பட்டதா, திணிக்கப்பட்டதா என்றாவது பார்க்க வேண்டாமா?

தம்பிக்கும் எனக்கும் ஒரு சண்டை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். வடக்கே சாபா மலையில் ஹ்மோங் பெண்களை அவன் எடுத்த படங்களைக் காட்டினான். கருநீலத் துணி, வெள்ளி வளையம், முதுகில் கூடை, பனிமூட்டம். அழகான படங்கள். 'இவங்க பேரு என்ன?' என்றேன். தெரியவில்லை. 'கேட்டியா?' கேட்கவில்லை. 'இந்தப் பொம்பள கூடைக்குள்ள என்ன இருக்கு?' தெரியவில்லை. ஐம்பத்துநாலு இனங்கள் என்று அந்த அரசாங்கம் கணக்குச் சொல்கிறது. கிட்டத்தட்ட எண்பத்தைந்து சதவீதம் கின் மக்கள். மலைமக்களை அங்கேயும் காட்டுமிராண்டி என்ற பொருள்பட அழைத்தவர்கள் உண்டு. நம்மூர்த் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற பிள்ளைகளை வெள்ளைக்காரனும் சென்னைக்காரனும் வந்து இப்படித்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், பேர் கேட்காமல். நீ கூச்சியில் ஒரு ஆள், சாபாவில் இன்னொரு ஆளா? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அந்தப் படங்களை எடுத்துவிட்டான். எடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை, பேரைக் கேட்டு எழுது என்றுதான் சொன்னேன்.

வியட்நாமைச் சொர்க்கமாக்கவும் நான் எழுதவில்லை. சாதி அங்கே இல்லை, அதிகாரம் இருக்கிறது. நம்மைப் போலச் சிறுபத்திரிகை நடத்தியவர்கள்தான் 1956-ல் ஹனோயில் 'நான் வான்', 'ஜாய் ஃபம்' இதழ்களில் எழுதிய கவிஞர்களும் எழுத்தாளர்களும். கட்சி அந்த இதழ்களை மூடியது. 1958-க்குள் எழுதியவர்களை ஒடுக்கி முடித்தது. டயர் செருப்புப் போட்ட அதே கட்சிதான். இப்போது உலகத்துக் கம்பெனிக் காலணிகளைத் தைத்து ஏற்றுமதி செய்வதில் சீனாவுக்கு அடுத்த நாடு. தம்பி போட்டுக்கொண்டு போன ஷூவின் நாக்கில் வியட்நாமில் தயாரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அதைத் தைத்த பெண்ணையும் அவன் பார்க்கவில்லை.

வியட்நாமே இப்போது இங்கே வந்துவிட்டது. தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்கு 2024 பிப்ரவரி 25-ல் அடிக்கல் வைத்தார்கள், 2025 ஆகஸ்டு 4-ல் திறந்தார்கள். நானூறு ஏக்கர். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். எங்கள் காலனிப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. சான்றிதழை வைத்துக்கொண்டு அதன் வாசலுக்குப் போவார்கள். உள்ளே எடுப்பவர் நம்மூர் ஆள்தான். எந்த ஊர், எந்தத் தெரு என்று அங்கேயும் கேட்பார்களா என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மாவட்டத்தில் சங்கம் வைத்திருக்கிறோம், இதைக் கேட்க ஆள் அனுப்புங்கள். வியட்நாம் போன பையனைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது உருப்படியான வேலை.

தம்பி கூச்சியிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தான். தாத்தா இல்லை, அவ்வா இருக்கிறாள். கையில் கொடுத்தான். அவளுக்குக் கண் மங்கல். விரலால் அடியைத் தடவினாள், வாரை இழுத்துப் பார்த்தாள், புரட்டிப் போட்டு ஆணியைத் தேடினாள்.

'ஆணியே காணோம், எப்பிட்றா நிக்குது?'

சொன்னான்.

'கெட்டிக்காரன்தான்' என்றாள். 'எம்புட்டு ரூவா?'

'நானூறு.'

கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். 'ஒங்க தாத்தா ஒரு மரக்கா கம்புக்குத் தச்சுக் குடுத்தாரு. அதையும் களத்துல தள்ளி நின்னு முந்தியில வாங்கணும், நாந்தேன் போவேன்.'

காலில் போட்டுப் பார்க்கச் சொன்னான். பெரிசாக இருக்கும் என்றாள். போட்டுக்கொண்டு தெருமுக்கு வரை போய் வந்தாள்.